நீக்கப்படும் அறுபத்துநான்கு

மென்பொருள் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்கிறார், வகுப்பில் வருகை எடுப்பதுபோல. விரல் திரையில் வரிவரியாக இறங்குகிறது. "இது வேணும்… இதுவும் வேணும்… இது எதுக்கு இங்க?" எங்கள் மருத்துவமனைக் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர். ஆய்வகத்தில் நாங்கள் வைத்த பெயர் 'பட்டியல் மேடம்'. முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது.

கணினியை இயக்கும் லினக்ஸைப் புதுப்பிக்கும்போது நாமெல்லாம் என்ன செய்வோம்? கேள்வி வந்தால் 'சரி' என்று தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் சம்மணம் போட்டு, கடைசி எழுத்துவரை படிப்பார். டீ ஆறி ஆடை கட்டிவிடும்.

அன்று காலை ஆய்வகக் கணினி பாதியில் முரண்டு பிடித்தது. ஏதோ ஒரு மென்பொருள், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு துணைக் கோப்பின் பழைய பதிப்பைக் கேட்டது. மற்றவை புதியதைக் கேட்டன. இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. அறுபத்துநான்கு மென்பொருள்களை நீக்கட்டுமா என்று கேட்டு நின்றது கணினி. லேபிள் அச்சும் நின்றுவிட்டது. பிரசவ அறையில் ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு. லேபிள் ஒட்டாத ரத்த மாதிரிக் குப்பியை ரத்த வங்கி கையால் தொடாது.

"ஏம்மா, சரின்னு தட்டித் தொலையேன்!" என்று கத்தினார் தலைமை மருத்துவர்.

"தட்டினா லேபிள் அடிக்கிற மென்பொருளும் சேர்ந்து போயிடும் டாக்டர். பட்டியல்ல நாப்பத்தொண்ணாவதா நிக்குது. அஞ்சு நிமிஷம் குடுங்க."

அடேயப்பா! எனக்கு வியர்த்துக் கொட்டுகிறது. மேடத்தின் குரல் இம்மிகூட ஏறவில்லை. 'வேண்டாம்' என்று தட்டினார். எது எதைக் கேட்கிறது, அதை எது கேட்கிறது என்று நூல் பிடித்துப் போனார். நாலாவது நிமிடம், "சிக்கிட்டான்!" என்றார். ஒரே ஒரு பாட்டுக் கேட்கும் மென்பொருள். எவரோ வெளியிலிருந்து இறக்கிப் போட்டது. அதை மட்டும் நீக்கினார். மற்ற அறுபத்துமூன்றும் சமர்த்தாக அவரவர் இடத்தில் உட்கார்ந்தன. கிர்ரென்று லேபிள் வந்தது. செவிலியர் கிழித்துக்கொண்டு ஓடினார்.

ரத்தம் ஏறத் தொடங்கியது என்று தகவல் வந்த பிறகுதான் தலைமை மருத்துவருக்கு மூச்சு வந்தது. கூடவே கோபமும்.

"எவன் அந்தப் பாட்டைப் போட்டது? இன்னிக்கே சீட்டைக் கிழிக்கிறேன்!"

நான்தான். போன வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சலிப்பில், எதையும் படிக்காமல் 'சரி' தட்டியவன். எதை யார் நிறுவியது என்ற பதிவு திரையில் திறந்தே கிடந்தது: தேதி, நேரம், என் பெயர். அந்த வரியைப் பட்டியல் மேடம் படிக்காமல் விட்டிருப்பாரா?

மருத்துவர் கண்ணாடியைத் தேடி எடுத்துக் குனிவதற்குள், மேடம் என் பக்கம் திரும்பாமலே இரண்டு விசைகளை அழுத்தினார். திரை துடைத்தாற்போல் ஆனது.