நீராவிக்கு எதிரே நின்றவள்

என் தம்பி பெண்டாட்டி வேலை பார்த்தது ஒரு பெரிய சலவை ஆலையில். ஹோட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, நீராவியில் சுடும் உருளைகளுக்கு நடுவே விட்டுத் தேய்த்து மடிக்கிற இடம். அவளும் அவள் தோழியும் ஒரே உருளையில் ஜோடி. "துணியைவிட ஆளுங்களைத்தான் நாங்க அதிகமா துவைக்கிறோம் அண்ணி" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். அவள் இருந்தால் வீடே கலகலவென்றிருக்கும்.

ஒருநாள் மதியம், உருளைக்கு மேலே போகும் நீராவிக் குழாய் வெடித்தது. தோழியின் கைகளும் கழுத்தும் வெந்துபோயின. இவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. "நல்ல நேரம், தப்பிச்சே" என்றார்கள் பார்க்க வந்தவர்கள். நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

ஆனால் நாளாக ஆக அவள் வேறு ஆளாகிப் போனாள். குக்கர் உஸ்ஸென்றால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். பஸ் பிரேக் காற்று விட்டால் நடுத்தெருவில் சிலையாக நிற்பாள். தூக்கம் போயிற்று. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தாள். தோழியைப் பார்க்க மட்டும் வரவே மாட்டேன் என்றாள். அதுதான் எங்களுக்குப் புரியவே இல்லை.

தம்பி பொறுமை இழந்தான். "முடிஞ்சு போனதையே இன்னும் எவ்வளவு நாள் பிடிச்சுக்கிட்டுத் தொங்குவ?"

"நான் எங்கங்க பிடிச்சிருக்கேன்? அதுதான் என்னைப் பிடிச்சிருக்கு."

அதைக் கேட்டதும் இருவரையும் கிளப்பி மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனேன். அந்த அம்மா அவசரமே படாமல் எல்லாவற்றையும் கேட்டார். "ஆபத்து முடிஞ்சுபோச்சுன்னு உங்க புத்திக்குத் தெரியும்மா. உடம்புக்கு இன்னும் தெரியல. அதுக்கு நாமதான் மெதுவா, திரும்பத் திரும்பச் சொல்லணும். இது பைத்தியமும் இல்ல, பலவீனமும் இல்ல. இதுக்கு வைத்தியம் இருக்கு."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

வாராவாரம் போனோம். நடுக்கம் வந்தால் பாதத்தைத் தரையில் அழுத்தி ஊன்றி, கண்ணில் படுவதையெல்லாம் பேர் சொல்லப் பழகினாள். "சுவரு... நாற்காலி... அண்ணியோட நரைமுடி..." அந்த நிலையிலும் குசும்பு போகவில்லை. பிறகு அந்த மதியத்தை முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்றார் மருத்துவர். குழாய் வெடிக்கும் இடத்துக்கு வந்ததும் அவளுக்குப் பேச்சே நின்றுவிட்டது. முகமெல்லாம் வியர்வை. இனி இந்தப் பக்கமே வரமாட்டாள் என்று நினைத்தேன். அடுத்த வாரம் எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். எங்கிருந்துதான் வந்ததோ அந்தத் தைரியம்!

பல வாரம் கழித்து, உள்ளே அடைத்து வைத்திருந்தது வெளியே வந்தது. "நான் அவளை விட்டுட்டு ஓடிட்டேன் அண்ணி. திரும்பிக்கூடப் பார்க்கல."

இதைத் தோழியிடமே சொல்லப்போகிறேன் என்று கிளம்பினாள். நானும் கூடவே போனேன். தோழியின் வீட்டில், தழும்பேறிய அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தாள்.

தோழி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆமா, ஓடின. ஊரே கேக்கற மாதிரி கத்திக்கிட்டே ஓடின. அதைக் கேட்டுத்தான் பாய்லர்காரர் ஓடிவந்து வால்வை மூடினாரு. நீயும் அங்கேயே நின்னிருந்தா ரெண்டு பேரும் வெந்திருப்போம். இதுக்காடி என்னை எட்டிப் பார்க்கல?"

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்புறம் யாரைப் பற்றியோ வம்பு பேசிச் சிரிக்கத் தொடங்கினார்கள்.

மறுபடி வேலைக்குப் போனாள். முதலில் ஆலை வாசல்வரை, பிறகு மடிக்கும் மேசைவரை, கடைசியில் உருளை. இப்போதும் ஒருசில நாள் அவளுக்கு மோசமாகத்தான் போகும். அப்போது தம்பி கேள்வி கேட்பதில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான்.

ஒருமுறை அவள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க ஆலைக்குப் போனேன். உள்ளே உருளையிலிருந்து நீராவி சீறியது. அவள் முகம் வெளுத்தது, தோள்கள் விறைத்தன. ஆனால் கால் அசையவில்லை. உதடு மட்டும் மெல்ல எதையோ சொன்னது. பிறகு விரிப்பின் முனையை எடுத்து உருளைக்குள் செலுத்தினாள். நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன்.

"யாரைம்மா பார்க்கணும்? கூப்பிடட்டுமா?" என்றார் மேற்பார்வையாளர்.

"வேண்டாம் சார்," என்றேன். "பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."