நாற்காலியிலிருந்து அக்கா சொன்ன பதில்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு அக்காவைப் பற்றி எழுதும் பொறுப்பை அக்காவின் கணவர், எங்கள் மாமா, என்னிடம் கொடுத்தார். "நீதாம்மா கூடவே இருந்தவ. நீயே எழுது" என்றார். உட்கார்ந்து எழுதும்போதெல்லாம் ஓர் இடத்தில் கை நின்றுவிடுகிறது. டாக்டர் சொல்லியும் அக்கா ஏன் இந்த ஊரை விட்டுப் போகவில்லை என்ற இடம் அது. எல்லோரும் சொல்வதையே எழுதினால் அக்கா என்னிடம் சொன்னது மறைந்துபோகும். அதை எழுதினால் யார் மனமாவது புண்படுமோ என்று பயமாக இருக்கிறது. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா எண்ணூர்க் குப்பத்தில் பிறந்தார். அப்பா கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். அக்கா பத்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் படகு மட்டும் கரை சேர்ந்தது. அதன் பிறகு அம்மா காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்று எங்கள் இருவரையும் படிக்கவைத்தார். விடியற்காலையில் அம்மாவுடன் ஏலத்துக்குப் போய்க் கூடையைத் தூக்கிவிட்டு, எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் அக்கா பள்ளிக்குப் போவார். அப்படியும் பக்கத்தில் இருப்பவர்கள் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தார்களாம். அந்த அக்கா வரலாறு படித்து, பி.எட். முடித்து, திருவொற்றியூரில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை ஆனார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதன்முதலாகப் படித்த, எழுதிய, பள்ளி தொடங்கிய பெண்களுக்குப் பாடப்புத்தகத்தில் சில வரிகள்தான் உண்டு. அக்காவுக்கு அது போதவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் தன் நாற்காலியை அறையின் நடுவில் இழுத்துப் போடுவார். அதில் உட்காரும் மாணவி அன்றைக்கு அந்தப் பெண்களில் ஒருத்தி. மற்றவர்கள் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். உட்கார்ந்தவள் "தெரியாது" என்று சொல்லக் கூடாது. அந்தப் பெண்ணாகவே இருந்து யோசித்துப் பதில் சொல்ல வேண்டும்.

நான் கர்ப்பமாக இருந்தபோது ஒரு முறை அந்த வகுப்பைப் பார்த்தேன். ஆண்கள் மட்டுமே படித்த மருத்துவ வகுப்பில் முதலில் சேர்ந்த பெண்ணாக ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, அத்தினி ஆம்பளைங்க கூட ஒரே க்ளாஸ்ல குந்திக்கினியே, உன் வூட்ல உதைக்கல?"

"உதைச்சாங்க. உதை வாங்கிக்கினே படிச்சேன். உன்ன யாரும் உதைக்கவே இல்ல, நீ ஏன் படிக்க மாட்டேங்கிற?"

"பொணத்த அறுத்தியே, பயமா இல்ல?"

"எங்கம்மா தெனம் வஞ்சிரம் அறுக்குது. பயந்துக்கினா அறுக்குது?"

வகுப்பே சிரித்தது. அக்கா மேசையைத் தட்டி, "அடிச்சா பாரு!" என்றார்.

ஒரே ஒரு பெண்ணுக்கு மட்டும் அக்கா தானே அந்த நாற்காலியில் உட்காருவார். ராயபுரம் பக்கத்துக் கல்லறைத் தோட்டம் ஒன்றில் பெயர் தேய்ந்துபோன கல் ஒன்று இருக்கிறது. அதன் கீழே இருப்பவர் ஒரு கைம்பெண், பெண்பிள்ளைகள் பள்ளி ஆசிரியை, காலராவில் இறந்தவர் என்பது மட்டும் கல்லில் மிஞ்சியிருக்கிறது. நோய் வந்ததும் வசதியுள்ளவர்கள் ஊரைவிட்டுப் போயிருப்பார்கள், இவர் போகவில்லை என்று அக்கா சொல்லுவார். "நீங்க ஏன் டீச்சர் ஓடல?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "என் பொண்ணுங்க இங்கதான கீறாங்க" என்பார் அக்கா.  பிள்ளைகள் கை தட்டுவார்கள்.

இருமல் எப்போது தொடங்கியது என்று எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. மணலி ஆலைகளின் பக்கமிருந்து காற்று திரும்பும் நாட்களில் நாங்கள் எல்லோருமே இருமுகிறவர்கள்தான். அக்காவுக்கு அது நிற்கவில்லை. நுரையீரல் பாதிக்குமேல் கெட்டுவிட்டது, இந்தக் காற்று ஆகாது, ஊரை மாற்றுங்கள் என்றார் டாக்டர். அக்கா மாற்றவில்லை. இன்ஹேலரை இடுப்பில் செருகிக்கொண்டு பாடம் நடத்தினார். "டீச்சரம்மா நம்மள வுட்டுப் போவ மாட்டாங்க" என்று மாணவிகளின் தாய்மார்கள் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.

இதற்குள் என் மகள் பிறந்து, அவளுக்கும் மூச்சு இரைக்கத் தொடங்கியிருந்தது. அவள் நெஞ்சில் காதை வைத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. விசில் போலச் சத்தம் கேட்டால் பயம். கேட்காவிட்டால் மூச்சே இல்லையோ என்று பயம். என் கணவருக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அக்காவே போகாதபோது நான் போவது ஓடிப்போவது போலத் தோன்றியது.

அக்காவின் கடைசி வாரத்தில் ஒரு மதியம், மருத்துவமனையில் பார்வையாளர் நேரம். குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

"இன்னாடி மூஞ்ச இப்டி வச்சிக்கினு கீற? பாப்பாக்கு இன்னா?"

"நேத்தும் நெபுலைசர் வெச்சோம்க்கா. ஓசூர் போலாம்னு அவரு சொல்றாரு. நீயே போவல. நான் எப்டிக்கா போறது?"

 அக்கா கட்டிலைத் தட்டினார்.

"இத நாற்காலின்னு வச்சுக்க. நான் அந்த டீச்சரம்மா. கேளு."

"வேணாம்க்கா, பேசாத."

"கேளுடி."

"டீச்சரம்மா, எல்லாரும் போனப்ப நீங்க ஏன் போவல?"

எனக்குத் தெரிந்த பதிலுக்காகக் காத்திருந்தேன். அக்கா ஆக்சிஜன் முகமூடியை விலக்கினார்.

"போறதுக்கு எனக்கு எடம் இல்லம்மா. புருசன் பூட்டாரு. பொறந்த வூட்ல கதவ சாத்திட்டாங்க. எங்கனா ஒரு எடம் இருந்திருந்தா பசங்களயும் இட்டுக்கினு ஓடியே போயிருப்பேன்."

"க்ளாஸ்ல வேற மாதிரி சொல்லுவியே?"

"பசங்க கை தட்டுச்சுங்க. எனக்கும் அது புடிச்சிருந்தது." மூச்சு வாங்கிவிட்டுத் தன் குரலில் சொன்னார்: "எனக்கும் போவணும்னுதான்டி இருந்துச்சு. மாமா வேல காட்டுப்பள்ளி ஹார்பர்ல. அம்மா கடல வுட்டு வராது. உனக்கு எடம் கீதுல்ல? புள்ளயத் தூக்கிக்கினு போ."

அதற்குள் நர்ஸ் வந்து, "மாஸ்க்க கழட்டாதீங்கன்னு எத்தன வாட்டிம்மா சொல்றது?" என்று அதட்டி மாட்டிவிட்டார். அதன் பிறகு அக்காவால் அவ்வளவு நேரம் பேச முடியவில்லை.

சென்ற மாதம் பள்ளியில் அக்காவுக்கு நினைவுக் கூட்டம் நடந்தது. அதே நாற்காலியை மேடையில் போட்டு, ஒரு மாணவி எங்கள் அக்காவாக உட்கார்ந்தாள். "டாக்டர் சொல்லியும் நீங்க ஏன் டீச்சர் போவல?" என்று கேட்டார்கள். அவள் நிமிர்ந்து, "என் பொண்ணுங்க இங்கதான கீறாங்க" என்றாள். அரங்கமே கை தட்டியது. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் தட்டினேன். அந்தக் கைதட்டலின் நடுவே பின்வரிசையில் ஒரு பிள்ளை இருமிக்கொண்டே இருந்தாள்.

அதனால்தான் இதை எழுதிவிட்டேன். மாணவிகள் மேல் அக்கா வைத்த அன்பு பொய்யில்லை. என்னை அனுப்பிவைப்பதற்காகவே அன்று அப்படிச் சொன்னாரோ என்றும் சில நாட்கள் தோன்றுகிறது. கேட்டுத் தெளிய இப்போது அக்கா இல்லை.

அக்காவின் வகுப்புகளை முகம் சுளிக்காமல் ஏற்று நடத்திய சக ஆசிரியைகளுக்கும், வார்டு நர்ஸ்களுக்கும், கூப்பிட்ட நேரத்தில் வந்து அக்காவை மாடியிலிருந்து நாற்காலியோடு தூக்கி இறக்கிய குப்பத்துத் தம்பிகளுக்கும், இப்போது மீன் மார்க்கெட்டில் கடை போடும் அம்மா வராத நாட்களில் அவர் இடத்தை யாருக்கும் விடாமல் காத்த மீன்காரப் பெண்மணிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவின் ஓராண்டு முடியட்டும் என்று காத்திருந்தோம்; நினைவு நாள் முடிந்ததும் நாங்கள் ஓசூருக்குப் புறப்படுகிறோம். அம்மா வரவில்லை. "நீ போ, நான் கீறேன்" என்கிறார். மாமாவும் நீங்களும் அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த மலர் அந்தப் பள்ளி மாணவிகளுக்கும் தரப்படும். இனி உங்களில் யாராவது எங்கள் அக்காவாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், அதே கேள்வி வந்தால், போக இடம் இல்லை என்று சொல்லுங்கள். யாரும் கை தட்ட வேண்டாம். பின்வரிசையில் இருமுகிற பிள்ளையைப் பார்த்துச் சொல்லுங்கள்.