இரண்டு கதவும் நாலு கதவும்

நான் ஒரு ஷோக்குப் பேர்வழி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதி வாசித்தபின் நீங்களாகவே கண்டுபிடித்துத் திட்டுவீர்கள்.

புறக்கோட்டையில் எனக்குக் கடை. பைப், கொமட், வோஷ் பேசின். நாள் முழுக்க ஊராரின் கக்கூஸ்களைப் பற்றியே கதைப்பவன் வீதியில் இறங்கும்போதாவது கொஞ்சம் எடுப்பாக இருக்க வேண்டாமா? அப்படித்தான் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். கொழும்பில் தமிழ்ப் பெடியள் எல்லாம் ஆள் தெரியாமல் நடமாடப் பழகிக்கொண்ட யுத்த காலத்தில் நான் ஓடித் திரிந்தது சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு. நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும். சைலன்சர் சத்தத்தில் வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வெட்டுகிறவன் கூடக் கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பான்.

கொட்டாஞ்சேனையில் இருந்த என் மனைவியின் அண்ணன் கண்ட நேரமெல்லாம் வாயைக் கிளறுவார். "மச்சான், உமக்கென்ன விசரே? அவனவன் பயந்து பஸ்ஸில போறான். நீர் ஊருக்கெல்லாம் படம் காட்டிக்கொண்டு திரியிறீர்!"

ஆனால் நடந்தது தலைகீழ். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஒரு பாலம்; கடைச் சாமான்கள் வைக்கும் ஸ்டோர்ஸ் அதற்கு அந்தப் பக்கம் இருந்தது. நாளுக்கு இரண்டு தரமாவது பாலத்தடி செக் பொயின்டைக் கடக்க வேண்டும். முதல் வாரமே அங்கிருந்த சார்ஜன்ட் காரை மறித்தார். நாற்பது வயதிருக்கும். முன் பல் ஒன்று உடைந்திருந்தது. அடையாள அட்டையை ஒழுங்காகப் பார்க்கக்கூட இல்லை. பொனட்டைத் திறக்கச் சொன்னார். குண்டு தேடத்தான் என்று நினைத்தேன். மனுஷன் எஞ்சினைப் பார்த்து, "அம்மோ!" என்றார். பிறகு வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் உள்ளே உட்காரலாமா என்று கேட்டார். உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தார். அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் அவருக்கு 'ஸ்போர்ட்ஸ் மஹத்தயா', ஸ்போர்ட்ஸ் கார் ஐயா. தூரத்தில் சத்தம் கேட்டாலே கையைக் காட்டி, "யன்ன, யன்ன" என்று போகவிடுவார். முன்னால் நிற்கும் வான் வண்டியில் இருந்து என் சாதி சனம் எல்லாம் இறங்கி வரிசையில் நிற்கும். நான் சிவப்புக் காரில் பறப்பேன். வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. பெருமையாக இருந்தது.

அப்போதுதான் என் மனைவி மூன்றாம் முறையாகக் கர்ப்பமானாள். முதலிரண்டும் தங்கவில்லை. ஒன்று மூன்றாம் மாதம் போனது, மற்றது ஐந்தாம் மாதம். இந்தத் தரம் டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: குனியக் கூடாது, குலுங்கக் கூடாது, எந்நேரமும் ஆஸ்பத்திரிக்குப் போக ஆயத்தமாக இருக்க வேண்டும். அந்தப் பிள்ளை உயிரோடு வீட்டுக்கு வரவேண்டும் என்பதைத் தவிர அந்த வருஷம் எங்கள் இருவருக்கும் வேறு நினைப்பே இல்லை. காலண்டரில் ஒவ்வொரு நாளாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

ஆனால் ஆறாம் மாதம் அவளால் என் காரில் ஏற முடியவில்லை. ஏறினால் இறங்க முடியவில்லை. இரண்டு கையையும் பிடித்து இழுத்து எடுக்க வேண்டும்.

"இது காரில்லை, கிணறு," என்றாள். "பிள்ளை பிறக்கிற நேரம் கயிறு கட்டித்தான் என்னை எடுப்பீங்கள்."

மச்சானிடம் நாலு கதவுக் கார் ஒன்று இருந்தது. பழசு. பச்சை நிறம், ஒரு பக்கம் கறள் பிடித்து உதிர்ந்திருந்தது. "பிள்ளை பிறக்கும்வரைக்கும் இதைக் கொண்டுபோம், நான் பஸ்ஸில போறன்," என்று காரின் திறப்புச் சாவியை என் கையில் வைத்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இந்தத் தகரப் பேணியிலயே என்ர பிள்ளை வாறது?" என்று சிரித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன். அந்தத் திறப்பின் பாரம் இன்றும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

அடுத்த வாரம் கொட்டாஞ்சேனையில் பழைய கார் விற்கும் ஒரு யார்டுக்குப் போனேன். நடத்தியவர் கொம்பனித்தெரு முஸ்லிம் மனிதர், கண்ணியமானவர். அங்கே நின்றது அந்தக் கறுப்புக் கார். நாலு கதவு, தோல் சீட், உள்ளே மரப் பலகை வேலைப்பாடு, கறுப்புக் கண்ணாடி. வெளியே பார்த்தால் மந்திரியின் கார். திறப்பைத் திருகினால் என் சிவப்புக் காரை விட வேகமான எஞ்சின். பின் சீட்டில் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். கடவுளே, இதற்கு மேல் என்ன வேண்டும்? பிள்ளையின் பேரைச் சொல்லி என் ஆசையைத் தீர்த்துக்கொள்ள அதைவிட நல்ல சாட்டு கிடைக்குமா? சிவப்புக் காரைக் கொடுத்து, மேலே கொஞ்சம் போட்டு, மத்தியானத்துக்குள் மாற்றிக்கொண்டேன்.

அந்தக் காரின் பதிவுப் புத்தகத்தில் இருந்தது ஒரு சிங்களப் பெரியவரின் பெயர். அவர் விற்கும்போது கையெழுத்து வைத்த படிவம் மட்டும் கூட இருந்தது. வாங்குகிறவன் தன் பெயரை நிரப்பிப் பதிவை மாற்ற வேண்டும். மாற்றாமல் அப்படியே வைத்து ஓடுவதை ஓப்பன் பேப்பர் என்பார்கள்.

"தம்பி, இந்தக் கெழமக்குள்ள பேர மாத்திக்கோங்க," என்றார் யார்டுக்காரர். "ஓப்பன் பேப்பர்ல வச்சி ஓட்டுறது பொறவு தலவலி."

நான் தலையாட்டினேன். மாற்றவில்லை. சோம்பல் அல்ல. என் மண்டைக்குள் ஒரு கெட்டித்தனம் வேலை செய்தது. என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். காராவது சிங்களப் பேரில் இருக்கட்டுமே! பெரிய கார், கறுப்புக் கண்ணாடி, புத்தகத்தில் சிங்களப் பெயர். எவன் மறிப்பான்? பிள்ளை வயிற்றில் இருக்கிற பொம்பிளையை ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு இதைவிடக் காவல் உண்டா?

திரும்பும் வழியில் கோயிலில் நிறுத்தி, நாலு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசித்தேன். அர்ச்சனைத் தட்டோடு வந்த ஐயர், "ஆருடைய பேருக்கு?" என்று கேட்டார். நான் விழித்தேன். புத்தகத்தில் உள்ள பேருக்கா, என் பேருக்கா? "சுவாமி பேருக்கே செய்யுங்கோ ஐயா," என்றேன். கெட்டிக்காரத்தனமான பதில் என்று நினைத்தேன்.

மூன்று வாரம் நான் ராசா. பாலத்தடியில் கார் நெருங்கும்போதே சென்ட்ரியில் நிற்பவர்கள் விறைத்து நின்று சல்யூட் அடித்தார்கள். எந்தப் பெரிய மனிதரோ என்று நினைத்திருப்பார்கள். என் சார்ஜன்டும் அடித்தார், என்னைத் தெரியாமலே. கறுப்புக் கண்ணாடிக்கு உள்ளே இருந்து நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். ஒரு தரம், ஒரே ஒரு தரம், கண்ணாடியை இறக்கி "நான்தான்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சல்யூட் இனித்தது.

மனைவிக்கு ஒரு பாடம் மட்டும் சொல்லிக் கொடுத்தேன். அவள் கலியாணத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவள். சிங்களம் இரண்டு சொல்தான் தெரியும். "ஆரும் மறிச்சா நீர் வாய் திறக்காதையும். என்ன நடந்தாலும் சத்தம் போடக் கூடாது. நான் கதைப்பன்."

"ஓம்," என்றாள்.

எட்டாம் மாதம் தொடங்கிச் சில நாள். அன்று காலை நகரத்தில் எங்கோ குண்டு வெடித்திருந்தது. கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மத்தியானம் சோறு போட எழுந்தவள் அப்படியே மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலடியில் இரத்தம். தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினேன். பின் சீட்டில் படுக்க வைத்தேன். சொன்னது போலவே கால் நீட்டிப் படுக்க இடம் இருந்தது. களுபோவில ஆஸ்பத்திரி கிட்டத்தான். பாலத்தைக் கடந்தால் சில நிமிஷம்.

பாலத்தடியில் அன்று யாரும் சல்யூட் அடிக்கவில்லை. துவக்கை நீட்டி மறித்தார்கள். எல்லாம் புது முகங்கள். என் சார்ஜன்டைக் காணவில்லை. அட்டையையும் புத்தகத்தையும் கொடுத்தேன். ஒருவன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"மே காகே கார் எக்கத?" யாருடைய கார்?

"மகே," என்றேன். என்னுடையது.

புத்தகத்தில் வேறு பெயர் அல்லவா என்று கேட்டான். சிநேகிதனுடையது என்றேன். அந்தச் சிநேகிதனின் வீடு எங்கே, டெலிபோன் நம்பர் என்ன என்று கேட்டான். எனக்கென்ன தெரியும்? அந்த மனிதரை நான் கண்ணால் கண்டதில்லை. மூன்று கேள்விக்குள் நான் கார்க் கள்ளன். நாலாவது கேள்வியில் கார்க் கள்ளனை விடப் பெரிய ஆள்.

இறக்கினார்கள். பொனட்டில் கையை வைத்துக் குனிந்து நிற்கச் சொன்னார்கள். "மனைவி, பிள்ளை, ஆஸ்பத்திரி" என்று எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஒருவன் பின் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சட்டென்று பின்வாங்கினான். பெரிய வயிறு, யாழ்ப்பாணத்து அட்டை, இன்னொருவன் பேரில் கார். வயிற்றில் குண்டு கட்டி வருகிறார்கள் என்ற அந்த நாட்களில் அந்த வயிற்றுக்கே அவர்கள் பயந்தார்கள். பெண் பொலிஸ் வந்து தொட்டுப் பார்த்த பிறகுதான் விடலாம் என்றார்கள். பெண் பொலிஸ் வரவில்லை. வெயில் சுட்டது. பொனட் என் உள்ளங்கையைப் பொசுக்கியது. நான் கத்தினேன், கெஞ்சினேன், கடைசியில் அழுதேன். காருக்குள்ளே இருந்து மட்டும் ஒரு சத்தமும் வரவில்லை. சத்தம் இல்லாததால் நோவு குறைந்திருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைத்த மண்டையை எதனால் அடிப்பது?

எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. பாலத்தின் அந்தப் பக்கத்தில் இருந்து ஒருவர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். உடைந்த பல்.

"ஸ்போர்ட்ஸ் மஹத்தயா நேத?" என்றார். நீங்கள்தானே? பிறகு திகைத்துப்போய், "கோ அர ரத்து கார் எக்க?" அந்தச் சிவப்புக் கார் எங்கே?

பின் சீட்டைப் பார்த்தவர் தன் ஆட்களை நோக்கிக் கத்திய கத்தில் பாலமே அதிர்ந்தது. முன் சீட்டில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜன்னலால் அரைவாசி வெளியே தொங்கி, கையை வீசி, காலி வீதியில் பஸ்களை எல்லாம் ஒதுக்கினார். ஆஸ்பத்திரியில் அவரே ஓடிப்போய்த் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். சட்டை முழுக்க என் மனைவியின் இரத்தம். "பய வென்ன எப்பா, மஹத்தயா," என்று என் தோளைத் தட்டினார். பயப்பட வேண்டாம் என்று. பிறகு பாலத்தடிக்கு ஓட்டோவில் திரும்பிப் போய்விட்டார்.

பெண் பிள்ளை. முழுசாக இருந்தாள். தலை நிறைய முடி. மூச்சு மட்டும் இல்லை. "கொஞ்சம் முந்தி வந்திருந்தா..." என்று தொடங்கிய டொக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மனைவி கண் திறந்ததும் நான் கேட்ட முதல் கேள்வியே பிழை. "ஏன் நீர் கத்தேல்லை? ஒரு சத்தம் போட்டிருந்தா அவங்கள் பயந்தாவது விட்டிருப்பாங்களே!"

"நீங்கள்தானே வாய் திறக்க வேண்டாமெண்டனீங்கள்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு வாரம் கழித்துக் காரை என் பேருக்கு மாற்றினேன். அதற்கு அரை நாள் போதுமாக இருந்தது.

அதே நாள் பின்னேரம் பாலத்தடியில் சார்ஜன்ட் ஓடி வந்தார். கண்ணாடியை இறக்கினேன். "பபா கொஹொமத?" என்று கேட்டார். பிள்ளை எப்படி? செக் பொயின்டில் யார் எதைக் கேட்டாலும் என் வாயில் ஆயத்தமாக இருக்கும் சொல் ஒன்றுதான். "ஹொந்தய்," என்றேன். நல்லாயிருக்கிறது. ஆணா பெண்ணா என்றார். பெண் என்றேன். மனுஷன் உடைந்த பல் தெரியச் சிரித்து, காரின் கூரையில் இரண்டு தட்டுத் தட்டி அனுப்பினார்.

நாளைக்கு உண்மையைச் சொல்வோம் என்று நினைத்தேன். எப்படிச் சொல்வது? பாலத்தடியில் துவக்குகளுக்கு நடுவில் நின்று, உங்கள் ஆட்கள் மறித்ததில் என் பிள்ளை செத்தது என்றா? எனக்குப் பயம். பயத்துக்கு மேலே இன்னொன்றும் இருந்தது. அன்று அந்தப் பாலத்தில் எங்களுக்காக ஓடிய ஒரே மனுஷன் அவர். காலம் போகப் போக வாயே வரவில்லை. "பபா கொஹொமத?" "ஹொந்தய்." நாளுக்கு இரண்டு தரம். என் பிள்ளை பாலத்தடியில் மட்டும் வளர்ந்துகொண்டிருந்தாள்.

மூன்று மாதம் போனபின் ஒரு நாள் லீவில் ஊருக்குப் போய் வந்தவர், பேப்பரில் சுற்றிய பார்சல் ஒன்றை ஜன்னலால் நீட்டினார். அவர் மனைவி கையால் தைத்ததாம். சின்ன ரோஸ் நிறச் சட்டை. கழுத்தில் வெள்ளை நூலால் பூ. மூன்று மாதத்துப் பிள்ளைக்கு அளவு சரியாக வருமோ தெரியாது, போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

ஒளிக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை. வீட்டில் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று மாதமாக நான் சொல்லி வந்த பொய்யையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள், பார்சலைக் கடலில் எறியச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் சட்டையை எடுத்து விரித்தாள். தன் இடது முன்கையில், பிள்ளையின் தலையை வைக்கும் முழங்கை மடிப்பில் இருந்து மணிக்கட்டு வரை, அதைப் போட்டுப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"அளவு சரியெண்டு அவரிட்டச் சொல்லுங்கோ," என்றாள்.

அடுத்த நாள் பாலத்தடியில் கண்ணாடியை இறக்கி அப்படியே சொன்னேன்.