அட்பார்த்த பொதுபக்களே

மதகடிப்பட்டு வட்டாரத்தில் ஆட்டோவில் மைக் கட்டி ஊர் அறிவிப்பு செய்பவன் ஜெயசீலன். கபடியில் பட்ட ஒரு முழங்கை மூக்கைக் கோணலாக்கி, உள்ளேயும் அடைத்துவிட்டது. வாயால்தான் மூச்சு. ‘ம’ என்று தொடங்கினால் ‘ப’ என்று முடியும்; ‘ன’வும் ‘ண’வும் ‘ட’ ஆகிவிடும். ‘அட்பார்த்த பொதுபக்களே’ என்று கேட்டால்தான் எங்கள் ஊருக்குச் செய்தி. ‘பரட அறிவிப்பு’ என்றால் உலையை இறக்கிவிட்டு வாசலுக்கு வருவார்கள்.

ஆனால் பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் காபியோடு சரி. அக்கா தேவிக்குப் பொறுக்கவில்லை.

“மொதல்ல மூக்க நிமித்திக்கினு வாடா.”

புதுச்சேரியில் மூச்சுக்கும் முகத்துக்கும் சேர்த்தே ஆபரேஷன் செய்துகொண்டான். கட்டுப் பிரித்ததும் பெட்டிக்கடைக் கண்ணாடியைக்கூட விடவில்லை. மத்தியானத் தூக்கத்தில் குறட்டை கேட்காமல் அக்கா பயந்துபோய் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தாள். கரையாம்புத்தூர் ஸ்டெல்லா புது மூக்கைப் பார்த்துச் சம்மதம் சொன்னாள். பையனுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரமே எங்கள் ஊர் அருள்தாஸின் அப்பா இறந்தார். ஜெயசீலன் “அன்பார்ந்த பொதுமக்களே” என்று சுத்தமாக ஆரம்பித்தான். தெருவில் ஒருவரும் திரும்பவில்லை. தெருமுனை வீட்டு ராமாயி மட்டும் உடைந்த குடத்தோடு ஓடி வந்தாள்.

“இத்த எட்த்துக்கினு இன்னா குடுப்ப?”

பழைய சாமான்காரனின் ரெக்கார்டு என்று நினைத்துவிட்டாள். ஊரும் அப்படித்தான் நினைத்தது. பாடை தூக்கக்கூட ஆள் போதவில்லை. அருள்தாஸ் அவன் சட்டையைப் பிடிக்காத குறை. அதன்பிறகு ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை. வேலையில்லாத மாப்பிள்ளை எதற்கு என்று ஸ்டெல்லாவின் அப்பா இழுத்தார். ஜெயசீலன் போனில் அவளிடம் அழுதேவிட்டான். அழுததில் மூக்கு அடைத்துக்கொண்டது.

“ஸ்டெல்லா, எட்ட வுட்றாத.”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“இந்தக் கொரலுதான்பா வேணும். மூக்கப் பொத்திக்கினு பேசு.”

பேசினான். மைக்கில் கேட்டதும் ஊர் வாசலுக்கு வந்தது, கல்யாணமும் நடந்தது. இப்போது அவனுக்கு ஒரு கையில் ஹேண்டில்பார், ஒரு கையில் மைக். பின்சீட்டிலிருந்து எட்டி ஸ்டெல்லா அவன் மூக்கைப் பிடித்துக்கொள்கிறாள். ஆசை ஆசையாக நிமிர்த்திய அந்த மூக்கை ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போகும்போது மட்டும் விடுகிறாள்.