நாலு பைட் அதிகம்

நெல்லித்தோப்பு இஷ்ரத்துக்கு "ஏன்?" என்று கேட்காவிட்டால் சோறு இறங்காது. பெண் பார்க்க வந்தவர்களிடமே மூன்று கேள்வி கேட்டாள்; அந்தச் சம்பந்தம் அன்றோடு சரி. கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்த அவளைக் குருசுக்குப்பத்து மீனவர்கள் கூப்பிட்டது 2007-ல்.

குப்பத்தில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. டவுனிலிருக்கும் ஓர் அலுவலகம் மறுநாளின் அலை உயரத்தைப் போனில் சொல்லும். குப்பத்தில் மைக்கில் வாசிப்பார்கள். சுனாமிக்குப் பிறகு அதுதான் வேதவாக்கு. ஒருநாள் எவனோ அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, பேரலை வருகிறதென்று புளுக, ஊரே ஓடியது. அந்த ஓட்டத்தில் விழுந்து குஞ்சம்மாள் என்ற கிழவிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அதோடு மைக்கின் மேலிருந்த நம்பிக்கையும் போயிற்று.

அதை மீட்கத்தான் இஷ்ரத் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் இருபது வரி எழுதினாள். சேதியையும், இரண்டு பக்கத்துக்கு மட்டுமே தெரிந்த ஒரு ரகசியச் சொல்லையும் சேர்த்து அரைத்தால் நாற்பது எழுத்தில் ஒரு குறியீடு விழும். அலுவலகத்துக் கம்ப்யூட்டர் சேதியையும் குறியீட்டையும் அனுப்பும்; குப்பத்துக் கம்ப்யூட்டர் மறுபடி அரைத்துப் பார்க்கும். சேதியில் ஒரு புள்ளி மாறினாலும் பொருந்தாது. ரகசியச் சொல் தெரியாதவன் தலைகீழாக நின்றாலும் அந்தக் குறியீட்டை உண்டாக்க முடியாது. "பொருந்தினாத்தான் மைக்கு பேசும்" என்று குப்பத்தாருக்கு வாக்கும் கொடுத்தாள். ஒத்திகையில் இரு பக்கமும் அவளே உட்கார்ந்து பார்த்தாள், எல்லாம் சரியாக இருந்தது.

முதல் நாள் மாலை நாலு மணிக்கு அலுவலகத்துக் கலியபெருமாள் சேதி அனுப்பினார்: நாளைக் காலை பத்தடி அலை, கடலுக்குப் போக வேண்டாம். பொருந்தவில்லை என்றது குப்பத்தில் இஷ்ரத் பார்த்துக்கொண்டிருந்த திரை. போன் செய்து மறுபடி அனுப்பச் சொன்னாள். அதுவும் பொருந்தவில்லை.

குப்பத்துப் பெரியவர் ஆதிமூலம் வாசலில் வந்து நின்றார். "எம் மவன் போட்டு அஞ்சு மணிக்குக் கெளம்புது. ராத்திரி முச்சூடும் கடல்லதான். போலாமா, வேணாமா?"

"வேணாம் அண்ணே. ஆபீசுலேர்ந்து போன்ல சொல்றாங்க."

"அன்னிக்கும் போன்லதானே சொன்னான்? மைக்கு சொல்லட்டும், நிறுத்தறேன்."

மைக்கில் வாசித்தால் கொடுத்த வாக்கு போகும். வாசிக்காவிட்டால் அந்தப் பிள்ளை கடலுக்குப் போய்விடுவான். ஆனால் அந்தப் பயத்திலும் "ஏன்?" அரித்தது. மறுபடி போனை எடுத்தாள்.

"சார், குறியீடு போட்டப்ப சேதி எவ்ளோ பைட் காட்டுச்சு?"

"எரநூத்திப் பன்னெண்டும்மா."

இங்கே இருநூற்றுப் பதினாறு. நாலு பைட் அதிகம். கம்ப்யூட்டர் கணக்கில் கால், கொம்பு இல்லாத ஒரு தமிழ் எழுத்துக்கு மூன்று பைட், வரி முடிவுக்கு ஒன்று. எந்த எழுத்து? முதல் வரியைப் பார்த்தாள். "உ" என்று பிள்ளையார் சுழி அழகாக உட்கார்ந்திருந்தது. கல்யாணப் பத்திரிகையிலும் மளிகைச் சீட்டிலும் பார்த்துப் பழகிய கண், அதை எழுத்தாகவே கணக்கில் வைக்கவில்லை.

"குறியீடு போட்டப்புறம் சேதியைத் தொட்டீங்களா சார்?"

"தொடவே இல்லியே. சுழி மட்டும் போட்டேன். சுழி இல்லாம எப்படிம்மா அனுப்புறது, அதுவும் கடல் சேதி?"

அவளுக்குக் கோபம் வருவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க அத்தாவும் 786 போடாம எதையும் எழுத மாட்டாரு சார். சுழியை முதல்ல போடுங்க. சேதியை அடிங்க. குறியீட்டைக் கடைசியா போடுங்க."

பொருந்தியது. ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் மைக் பேசியது. படகுகள் கரையிலேயே நின்றன.

மறுநாள் காலை கடல் குளம்போல் கிடந்தது. இஷ்ரத்துக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சேதி யாருடையது என்பதைத்தான் அவள் கணக்கு சொல்லும், சொன்னது பலிக்குமா என்று அதற்குத் தெரியாது. ஒரு நாள் பிழைப்பை இழந்தவரிடம் இதை எப்படிச் சொல்வது?

ஆதிமூலம் கடலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"சொன்னது ஆபீசுதானே?"

"ஆபீசுதான் அண்ணே. ஒரு புள்ளி மாறல."

"அப்ப சரி. கடலு எந்த ஆபீசுக்குக் கட்டுப்பட்டுச்சு?" என்றார். "இன்னிக்கும் மைக்கைக் கேட்டுட்டுதான் மவனை அனுப்புவேன்."