அவர் கையைப் பார்த்தவள்

தீப்புண் வார்டில் துப்புரவு வேலை பார்த்த அந்த அம்மாளுக்கு எல்லோரும் வைத்த பெயர் ‘சோப்பு’. வாசல் குழாயில் முழங்கை வரை கழுவாமல் ஒருவர் உள்ளே கால் வைத்தால் போதும், துடைப்பத்தைக் குறுக்கே நீட்டி அவர் ஏழு தலைமுறையையும் வம்புக்கு இழுப்பாள். நர்சுகளே அவள் தலையைக் கண்டதும் குழாயைத் திறந்தார்கள்.

அவளால் மறிக்க முடியாதவர் ஒருவர்தான், பெரிய டாக்டர். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று ஆஸ்பத்திரியே ஒதுங்கி நின்றது. ஆனால் அவரைப் பழிவாங்கத்தான் அவள் அந்த வேலைக்கே வந்திருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன் அவள் மகன், பாய்லர் வெடித்து முதுகு வெந்து அங்கே கிடந்தான். புண் ஆறிக்கொண்டு வந்தது. பன்னிரண்டாம் நாள் பெரிய டாக்டர் பக்கத்துக் கட்டில்காரனின் சீழ்ப் புண்ணை அழுத்திப் பார்த்தார்; அதே கையோடு வந்து இவள் மகனின் கட்டைப் பிரித்தார். அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். இரண்டு நாளில் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. பரிசோதனைச் சீட்டில் பதினொரு மருந்துகளின் பெயர் இருந்தது. ஒன்றுக்கும் அந்தக் கிருமி மசியவில்லை. நெருப்பு விட்டுவைத்த பிள்ளையைக் கிருமி கொண்டுபோயிற்று.

அந்த மனுஷன் ஒருநாளாவது கழுவாத ஒரு கையைக் கண்டு நடுங்க வேண்டும், அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஒருநாள் வீட்டு கேஸ் அடுப்பு வெடித்து, நெஞ்சும் இரண்டு கைகளும் வெந்து, பெரிய டாக்டரையே அந்த வார்டுக்குத் தூக்கிவந்தார்கள். மறைப்பானேன், அன்று அவள் இரண்டு கவளம் கூடுதலாகவே சாப்பிட்டாள்.

ஐந்தாம் நாள் அவர் முனகுவதை விட்டுவிட்டு, வருகிறவர்களின் கைகளையே பார்க்கத் தொடங்கினார். எதிர்க் கட்டிலில் கிடந்தவனுக்கும் எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி என்று அவருக்குத் தெரியும். அன்று காலை, அவரிடம் வேலை பழகிய சின்ன டாக்டர் எதிர்க் கட்டில் புண்ணைத் தொட்டுவிட்டு நேரே இவரிடம் வந்தார். வேறு யாருக்கானாலும் பாய்ந்து மறித்திருப்பாள் சோப்பு. இன்று துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சும்மா நின்றாள். பெரிய டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் அசையவில்லை.

“கையக் கழுவிட்டு வாப்பா,” என்றார் அவர், குரல் நடுங்க.

சின்ன டாக்டர் சிரித்தார். “நீங்கதானே சார் சொல்வீங்க, கட்டிலுக்குக் கட்டில் கழுவிட்டிருந்தா ரவுண்ட்ஸ் முடிய சாயங்காலம் ஆயிடும்னு?”

“இன்னொரு தடவ சொல்லுங்க சார்,” என்றாள் சோப்பு, பெரிய டாக்டரைப் பார்த்து. “எல்லாருக்கும் கேக்கட்டும்.”

அவர் மறுபடியும் சொன்னார், கெஞ்சலாக. சின்ன டாக்டர் முகம் சிறுத்துக் குழாயடிக்குப் போனார். சோப்புக்கு அது இனித்தது. அதோடு விடவும் மனம் வரவில்லை. கட்டிலருகே போய், மகன் செத்த கதையை ஒன்றுவிடாமல் அவர் காதில் போட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“பாத்துக்கிட்டே நின்னேங்கிறியே. அன்னைக்கே ஏம்மா சொல்லல?”

அதே கேள்வியை அவள் தன்னிடம் ஆயிரம் தடவை கேட்டிருந்தாள். வாயில்லாப் பூச்சியாக நின்றதற்குத் தன்னைத்தானே சபிக்காத நாள் இல்லை.

“சொல்லியிருந்தா கழுவியிருப்பீங்களா?”

“இல்ல,” என்றார் அவர்.

தன்மேல் பாதி, அவர்மேல் பாதி என்று மூன்று வருஷமாகப் பங்குபோட்டு வைத்திருந்த கோபத்தை, அந்த நிமிஷம் அவள் முழுசாக அவர்மேலேயே இறக்கிவைத்தாள்.