நல்லாருக்கு என்றவள்

எங்கள் இதழியல் வகுப்பு கண்டி நகரில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் நடந்தது. கடைசிப் பாடம் மதிப்பீட்டுக் கட்டுரை. ஏதாவது ஒன்றை எடுத்து, அது நல்லதா மோசமா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். சிறந்த கட்டுரைக்கு ஒரு பத்திரிகையில் பயிற்சி இடம். ஒரே ஓர் இடம். அது கிடைக்காவிட்டால் நான் மறுபடியும் புடவைக்கடையில் துணி மடிக்கப் போக வேண்டியதுதான்.

பாடம் நடத்திய சேர் எங்களை இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவர் வரைவை மற்றவர் படித்துக் குறைநிறை சொல்லச் சொன்னார். எனக்கு வாய்த்தவள் என் சிநேகிதி. கடுகண்ணாவையிலிருந்து ரயிலில் வருவாள். மத்தியானம் இருவரும் ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிடுவோம்.

அவள் தன் ஊர் பேக்கரி ஒன்றின் மாலுபானை, அதாவது மீன் அடைத்த பன்னை, பற்றி எழுதியிருந்தாள். ஒரே ஆகா ஓகோ. நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். 'முதலாளி உன் மாமா என்பது வரிக்கு வரி தெரிகிறது. பக்கத்துக் கடையில் வாங்கித் தின்று பார்த்தாயா? விலை எங்கே?' என்று பக்கம் முழுக்கக் கீறித் தள்ளினேன். இல்லாததைப் புகழ எனக்கு வராது. அவள் அழுதுவிட்டாள்.

"இவ வாயில ஒரு நல்ல வார்த்த வராதா?" என்றாள் பின்வரிசைக்காரி ஒருத்தி. எனக்குக் கோபம்தான் வந்தது. குறை சொல்லத்தானே உட்காரவைத்தார்கள்?

என் கட்டுரை தெல்தோட்டை பஸ்ஸைப் பற்றியது. விடியற்காலைக் கூட்டம், மிதிபலகையில் தொங்கும் பள்ளிப் பிள்ளைகள், ஒழுகும் கூரை எல்லாம் அதில் இருந்தன. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

"நல்லாருக்குடி. ஒன்னும் மாத்தாத, அப்படியே குடு," என்றாள்.

அவ்வளவு வதைத்தும் இவளுக்கு எத்தனை நல்ல மனசு என்று நெகிழ்ந்துபோனேன். அப்படியே கொடுத்தேன்.

அடுத்த கிழமை சேர் என் தாளை நீட்டினார். "பஸ்ஸ அருமையா வர்ணிச்சிருக்கிங்க. அது நல்ல பஸ்ஸா, மோசமான பஸ்ஸா? அதச் சொல்லவே இல்லியே."

உண்மைதான். எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அந்த ஒரு பஸ்தான். வந்தால் ஏறுவோம், வராவிட்டால் நடப்போம். அதை எடைபோட்டுப் பார்க்கலாம் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

பயிற்சி இடம் மாலுபானுக்குப் போனது. நான் கீறிய இடமெல்லாம் திருத்தியிருந்தாள். பக்கத்துக் கடையோடு ஒப்பிட்டு, சொந்த மாமாவையே இரண்டாம் இடத்தில் வைத்திருந்தாள்.

கீழே தேநீர்க்கடையில் எனக்கும் சேர்த்து பிளேன்டீ வாங்கிவந்தாள்.

"என் கட்டுரையில தீர்ப்பே இல்லன்னு ஒனக்குத் தெரியலயா?" என்று கேட்டேன்.

"மொதத் தடவ படிச்சப்பவே தெரிஞ்சிச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

அவள் டீயை ஊதி ஒரு மிடறு குடித்தாள்.

"சொன்னா நீ திருத்திருவியேடி."